சென்னை மக்கள்தொகை: 46 லட்சமா, 67 லட்சமா, 86 லட்சமா?

சென்னை பற்றி எழுதும் கட்டுரைக்கு இந்த எண்களில் எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றும் சரிதான். மூன்றும் 2011 கணக்கெடுப்பு எண்களே, எல்லைதான் வேறு. நகர அறிமுகக் கட்டுரைக்கு 67 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

46 லட்சம் பழைய மாநகராட்சிக்கு உரியது, சுமார் 175 சதுர கி.மீ. கணக்கெடுப்பு முடிந்தபின், 2011 அக்டோபரில், அம்பத்தூர், திருவொற்றியூர், சோழிங்கநல்லூர் எல்லாம் சேர்ந்து நகரம் 426 சதுர கி.மீ. ஆனது. அந்தப் பரப்பில் வாழ்ந்தவர்கள்தான் 67 லட்சம். 86 லட்சம் என்பது தாம்பரம், ஆவடி போன்ற புறநகர்களும் சேர்ந்த தொகை.

உங்கள் குழப்பம் பெரும்பாலும் அடர்த்தியில் தொடங்கியிருக்கும். 46 லட்சத்தை 426ஆல் வகுத்தால் சதுர கி.மீ.க்கு 11,000கூட வராது. பழைய பரப்பால் வகுத்துப் பாருங்கள், 26,000 தாண்டும். தி.நகர், திருவல்லிக்கேணித் தெருக்களை அறிந்தவர்களுக்கு இந்த எண்தான் நம்பும்படி இருக்கும்.

கட்டுரையின் பொருளாதாரப் பகுதியை எழுதும்போது கவனம் தேவை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றை எழுதுவதானால் ‘சென்னைப் பகுதி’ என்றே குறிப்பிடுங்கள்.

அப்புறம், 2011இன் எழுத்தறிவு, மொழி, சமய விகிதங்கள் பழைய மாவட்ட எல்லைக்கானவை, அதாவது அந்த 46 லட்சம் பேருக்கானவை. 67 லட்சத்தோடு அவற்றைப் பெருக்காதீர்கள்.