கொடிக் கம்பியில் தேன்சிட்டுக் கூடு: எடுத்து மாற்றலாமா?

கேள்வி: பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு மாடி வராந்தாவில், துணி காயப்போடும் கம்பியில் மஞ்சள் வயிற்றுச் சின்னக் குருவி ஒன்று பைபோலக் கூடு கட்டியிருக்கிறது. ஆவணிக் கடைசியில் மகள் கல்யாணம், வெள்ளையடிக்க வேண்டும். புறா வராமல் தடுக்க வலை போட வந்தவர் கூட்டை எடுத்துப் பக்கத்து முருங்கையில் கட்டித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. முதலில் அந்த வலைக்காரரை அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் ஊதாப்பிட்டு தேன்சிட்டு. சிலந்தி நூலும் நாரும் சேர்த்துப் பெட்டைதான் கூடு பின்னும். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேல் சின்னதாக ஒரு தாழ்வாரம். ஆடிக் காற்றில் துணி கிளிப்பெல்லாம் பறந்தாலும் கூடு ஆடுமே தவிர எளிதில் அறுந்துவிடாது. அதை முருங்கையில் கொண்டுபோய்க் கட்டினால், தாய் தேடி வருவது பழைய கம்பிக்குத்தான்.

முட்டை இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டாம். அடிக்கடி பக்கத்தில் போய் நின்றால் காக்கைக்கு நீங்களே வழி காட்டியதாகும். அறைக்குள் இருந்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். வளைந்த அலகு மட்டும் வாசலில் அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தால் அடைகாக்கிறது. அது சுமார் இரண்டு வாரம். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பூச்சியோடு வந்தால் குஞ்சு பொரித்தாயிற்று. அப்புறம் இரண்டரை வாரம். மொத்தமே ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடத்தான். அந்த வராந்தாவைக் கடைசியில் வெள்ளையடியுங்கள். பறவைகள் சரணாலயம் உள்ள கூந்தன்குளத்தில் பறவைகளுக்காக ஊரே வெடி போடாமல் இருக்கிறது.

வலைக்காரர்களுக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. ஒரு வராந்தாவை விடவும் மனசு வராது. முருங்கைப் பேச்செல்லாம் நீங்கள் எதிரில் நிற்கும்வரை; காபி போட உள்ளே போனால் கூடு குப்பைச் சாக்கில். பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் வலைக்கு உள்ளே குஞ்சு, வெளியே தாய். பூச்சியை அலகில் வைத்துக்கொண்டு வலையையே சுற்றிச் சுற்றி வந்தது. கத்தரிக்கோலோடு நான்தான் ஏணியில் ஏறினேன்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள்ளேயே காட்டுப் பறவையின் முட்டையையும் கூட்டையும் கலைப்பது அடங்கும். எழுத்தில் இவ்வளவு தெளிவு! ஆனால் அன்றைக்கு ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டபோது கிடைத்த பதில்: "குருவிக் கூடா? பாம்புன்னா சொல்லுங்க சார்."

ஒரே ஒரு விலக்கு உண்டு. கூடு தானாக அறுந்து விழுந்தால் கையால் எடுக்கலாம். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. கூடு முழுசாக இருந்தால் மேல்பக்கத்தைச் சணலால் அதே கம்பியில், அதே இடத்தில் கட்டுங்கள், வாசல் முன்பு பார்த்த பக்கமே பார்க்கட்டும். கிழிந்திருந்தால், அடியில் துளை போட்ட சிரட்டைக்குள் வைத்துத் தொங்கவிடுங்கள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். நின்று படம் பிடித்தால் தாய் வராது. இது விழுந்த கூட்டுக்கு மட்டும். கம்பியைத் தட்டிவிட்டு, "விழுந்துவிட்டது" என்று சொல்லுகிற வெள்ளையடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குஞ்சுகள் பறந்து இரண்டு மூன்று நாள் கூடு காலியாகவே கிடந்தால் வேலையை ஆரம்பியுங்கள். வலையும் அப்போது போடலாம், ஆளை மட்டும் மாற்றுங்கள்.