‘மேஜிக்’ என்று அச்சடித்ததற்கு வக்கீல் நோட்டீஸ்!

கேள்வி: ரசப்பொடி பாக்கெட்டில் எங்கள் பிராண்ட் பெயருக்குக் கீழே ‘மேஜிக் ரசப்பொடி’ என்று அச்சடித்து 4 ஆண்டுகளாக விற்கிறோம். ‘மேஜிக்’ எங்கள் டிரேட்மார்க், 15 நாளில் நிறுத்துங்கள் என்று ஒரு நிறுவனத்திடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பெயரை மாற்றிவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள்; பதில் போடாமலும் இருந்துவிடாதீர்கள். டிரேட்மார்க் பதிவக இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பதிவுக்காகப் பொருள்களை எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; மசாலாப் பொடிகள் 30-ஆம் வகுப்பில் வரும். அதில் அவர்கள் பதிந்திருப்பது ‘மேஜிக்’ என்ற தனிச்சொல்லா, அந்தச் சொல்லும் இருக்கிற முழு லேபிளா என்று பாருங்கள். லேபிளைப் பதிந்தவருக்கு அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே சொந்தமாகிவிடாது என்கிறது 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 17-ஆம் பிரிவு.

இதே சொல்லுக்காக இரண்டு பெரிய நிறுவனங்களே மோதியிருக்கின்றன. ஐடிசி 2010-இல் ‘யிப்பீ மேஜிக் மசாலா’ நூடுல்ஸ் கொண்டுவந்தது. 2013-இல் நெஸ்லே, மேகியில் ‘மேஜிக்கல் மசாலா’ வெளியிட்டது. ஐடிசி தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் தள்ளுபடி செய்தது. ‘மேஜிக்’ பொருளைப் புகழும் சொல், ‘மசாலா’ எல்லாரும் புழங்கும் சொல்; சுவையின் பெயராக வைத்ததை ஒருவர் மட்டும் வளைத்துக்கொள்ள முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆனால் எழுத்தின் அளவில் கவனம் வேண்டும். ‘சுகர் ஃப்ரீ’ என்ற இனிப்பூட்டியை விற்கும் நிறுவனம் அமுல் மீது தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தச் சொல்லை அமுல் பயன்படுத்தத் தடை போடவில்லை. ‘அமுல்’ என்ற பெயரைவிடப் பெரிதாகத் தெரியும்படி அச்சடிக்கக் கூடாது என்றது. உங்கள் பாக்கெட்டில் ‘மேஜிக்’ பெரிதாகவும் பிராண்ட் பெயர் பொடியாகவும் இருந்தால், அடுத்த அச்சிலேயே திருப்பிப் போடுங்கள். நிறம், எழுத்து வடிவம் அவர்களுடையதைப் போல இருந்தால் அதையும் மாற்றுங்கள். வழக்கு வந்தால் அங்கேயும் மாட்டிக்கொள்ளலாம். முதல் பில், அச்சக ரசீது, பழைய பாக்கெட் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு, வக்கீல் மூலம் 15 நாளுக்குள் பதில் அனுப்புங்கள்.

கேள்வி: ‘நயம் நல்லெண்ணெய்’ என்ற பெயரைப் பதிவு செய்ய முடியுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: கிடைப்பது கடினம். ‘நயம்’ தரத்தைச் சொல்கிறது, ‘நல்லெண்ணெய்’ பொருளையே சொல்கிறது. இப்படி விவரிக்க மட்டுமே செய்யும் சொற்களை 9-ஆம் பிரிவு தடுக்கிறது. தமிழ்ச்சொல் என்பதாலும் தப்பிக்க முடியாது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று விண்ணப்பத்தில் எழுதித் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே நெடுநாள் விற்று, அந்தப் பெயரைக் கேட்டதும் மக்கள் உங்களைத்தான் நினைக்கிறார்கள் என்று விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவுக் கணக்கோடு நிரூபித்தால் விதிவிலக்கு உண்டு.

எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அதைப் பதிவதே நல்லது. சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவகத்திடமிருந்து ஆட்சேபங்களோடு ஆய்வறிக்கை வந்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஏற்கப்பட்டுப் பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் வெளியானபின், பிறர் ஆட்சேபிக்க 4 மாதம் அவகாசம். பதிவு கிடைக்கும்வரை ‘டிஎம்’ குறி மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியை அதற்கு முன்பே அச்சடிப்பது 107-ஆம் பிரிவின்படி தவறு. முன்பு இதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருந்தது; 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை நீக்கி அபராதமாக மாற்றிவிட்டது.