அமெரிக்க ராணுவத்துல இருக்கறவர் தன்னோட ஜிஐ பில் படிப்பு உதவிய மனைவி, பிள்ளைங்களுக்குத் தர முடியுமா?

முடியும். போஸ்ட் 9/11 ஜிஐ பில்ங்கறது ராணுவத்துல வேலை பார்த்தவங்களோட காலேஜ் செலவ அரசாங்கம் ஏத்துக்கற திட்டம், முழுசா தகுதி இருந்தா 36 மாசம் கிடைக்கும். ஒரு கல்வியாண்டு சுமார் 9 மாசம்தானே, அப்போ கிட்டத்தட்ட ஒரு டிகிரிக்கே போதும். இத 2009லேர்ந்து கணவன்/மனைவிக்கோ பிள்ளைங்களுக்கோ மாத்தி விடலாம்.

ஏன் குடும்பத்துக்கு விடறாங்கன்னா, அனுபவம் உள்ள ஆளுங்க சர்வீஸ விட்டுப் போயிடக் கூடாதுன்னுதான். அதனால பொதுவா 6 வருஷம் முடிச்சிருக்கணும், இன்னும் 4 வருஷம் இருக்கேன்னு கையெழுத்தும் போடணும். அந்த 4 வருஷத்த முடிக்காம பாதியில கிளம்பினா குடும்பம் செலவழிச்ச பணத்த திருப்பிக் கேக்கற நிலைமை வரலாம், இத லேசா எடுத்துக்காதீங்க.

ஒரே டேட்டா பேக்க ஹாட்ஸ்பாட் போட்டு வீட்ல எல்லாரும் யூஸ் பண்றோம்ல, அது மாதிரிதான் இதுவும், எத்தனை பேர் சேர்ந்தாலும் அதே 36 மாசம்தான், ஆளுக்கு 36 கிடையாது. மனைவி உடனே யூஸ் பண்ணலாம், பிள்ளைங்கன்னா அப்பாவோ அம்மாவோ 10 வருஷ சர்வீஸ் முடிச்சிருக்கணும், பிள்ளை பள்ளிப்படிப்ப முடிச்சிருக்கணும் இல்ல 18 வயசாவது ஆகியிருக்கணும். ஒவ்வொருத்தர் பேர்லயும் ஒரு மாசமாவது இப்பவே போட்டு வைங்க, பின்னாடி கூட்டிக் குறைச்சுக்கலாம்.

நிறைய பேர் ரிடையர் ஆனப்புறம் மாத்திக்கலாம்னு நினைச்சுட்டு இருக்காங்க, அது தப்பு, சர்வீஸ்ல இருக்கும்போதே விண்ணப்பிச்சாதான் உண்டு.