கணவர் சேர்ந்திருக்கும் டேட்டிங் தளத்தின் மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: திருமணமாகிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன. கணவரின் கிரெடிட் கார்டு கணக்கில் மாதாமாதம் ஒரே தொகை, கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் வீட்டு லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறந்தே கிடந்தது. திருமணமானவர்கள் வெளியே துணை தேடுவதற்கென்றே நடத்தப்படும் டேட்டிங் தளம் அது. அவர் வைத்திருக்கும் படம் எங்கள் திருமண நாளன்று எடுத்தது. என்னை வெட்டிவிட்டார், அவர் தோள்மேல் இருக்கும் என் கை மட்டும் மிச்சம். குடும்பத்தைக் கெடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் இந்தத் தளத்தைச் சட்டம் சும்மா விடுமா? நஷ்டஈடு கேட்க முடியுமா? அவருடைய பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். உள்ளே போய் உரையாடல்களை எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்காதீர்கள். பாஸ்வேர்டு தெரிந்திருப்பது வேறு, அதைப் பயன்படுத்த அனுமதி இருப்பது வேறு. அடுத்தவர் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைவது பல நாடுகளில் குற்றம். கணவன் மனைவி என்பதால் அது குற்றமில்லை என்றாகிவிடாது. இன்றைக்கு நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் இருக்கிறது. அவர் உங்கள் மீது புகார் கொடுக்க நீங்களே வழி செய்துகொடுக்க வேண்டாம்.

இனி தளத்தின் விஷயம். 'துரோகத்துக்கு இடம் கொடுத்தாய்' என்ற ஒரே காரணத்துக்காகத் தளத்தின் மீது போடும் வழக்கு அநேகமாக எங்கும் நிற்காது. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நிற்காத வழக்கில் உங்கள் பணமும் வருடங்களும் போவதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கேள்வியை மிகத் தெளிவாக அலசியது பிரான்ஸ். அங்கே தம்பதியர் ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க வேண்டும் என்று சிவில் சட்டத்தின் 212-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் கிளீடன் என்ற இதே வகைத் தளம், கடித்த ஆப்பிள் படத்தோடு பேருந்துகளின் முதுகில் விளம்பரம் ஒட்டியது. கத்தோலிக்கக் குடும்பச் சங்கங்களின் கூட்டமைப்பு 2015-இல் வழக்குத் தொடுத்தது. சட்டம் விதித்த கடமையை மீறச் சொல்லி ஒரு நிறுவனம் வியாபாரம் செய்யலாமா என்பது அவர்களுடைய வாதம். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. 2017-இல் கீழ் நீதிமன்றத்திலும், 2019-இல் மேல்முறையீட்டிலும், கடைசியாக 2020 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றத்திலும் அவர்கள் தோற்றார்கள். உண்மையாக இருப்பேன் என்பது தம்பதியர் தங்களுக்குள் ஏற்றுக்கொண்ட கடமை. அது மீறப்பட்டால் ஒரு துணை இன்னொரு துணையிடம்தான் கணக்குக் கேட்க முடியும், வெளியாள் அதைப் பிடித்துக்கொண்டு வழக்காட முடியாது என்றது நீதிமன்றம். விளம்பரத்தைத் தடுப்பது கருத்துச் சுதந்திரத்தில் அளவுக்கு மீறிக் கைவைப்பதாகும் என்றும் சொன்னது. உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவர் உங்கள் கணவர். தளம் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

திருமணம் மீறிய உறவு குற்றமாக இருக்கும் நாட்டில் நிலைமை மாறும். தென் கொரியாவில் 1953 முதல் அது குற்றமாக இருந்தது. அதைக் காட்டி ஆஷ்லி மேடிசன் என்ற இதே வகைத் தளத்தை 2014-இல் முடக்கினார்கள். 2015 பிப்ரவரி 26 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. தளம் மறுபடி திறந்தது. இந்தியாவில் அதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு 2018 செப்டம்பர் 27 அன்று ரத்தாயிற்று. குற்றமே இல்லாத ஒன்றுக்கு உடந்தை என்று தளத்தைக் கூண்டில் ஏற்ற முடியாது. போதாக்குறைக்கு, பயனர்கள் எழுதுவதற்குத் தளம் பொறுப்பல்ல என்று அமெரிக்காவில் 1996-ஆம் வருடச் சட்டம் ஒன்றின் 230-ஆம் பிரிவும், இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவும் பாதுகாப்புத் தருகின்றன. இந்தியப் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் உண்டு. சட்டவிரோதச் செயலுக்குத் தளமே தூண்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கணவரோடு பழகிய அந்த ஆளின் மீது வழக்குப் போடுவது வேறு கதை. அமெரிக்காவில் வட கரோலினா போன்ற ஒருசில மாநிலங்களில் இன்றும் முடியும். டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 செப்டம்பரில், ஒரு மனைவி இப்படிக் கேட்ட நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கலாம் என்றது. விசாரிக்கலாம் என்றுதான் சொன்னது. பணம் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் இந்தத் தளங்கள் எதற்குமே பதில் சொல்ல வேண்டாமா? வேண்டும், அவை தாமே செய்த தவறுக்கு. ஆஷ்லி மேடிசன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கைச் 'சுத்தமாக அழிக்க' 19 டாலர் வாங்கினார்கள். பணம் கட்டியவர்களின் விவரங்களில் சில ஒரு வருடம் வரை அவர்களுடைய கணினியிலேயே கிடந்தன. பேசியது பெண் என்று நம்பி ஆண்கள் பணம் கட்டினார்கள். அந்தப் பெண் கணக்குகளில் பல நிறுவனமே உருவாக்கிய பொய்க் கணக்குகள். முகப்பில் மின்னிய பாதுகாப்பு விருதும் போலி. 2015 ஜூலையில் தளம் ஹேக் செய்யப்பட்டபோது 46-க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த 3 கோடியே 60 லட்சம் கணக்குகளின் விவரங்கள் வெளியே போயின. அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடும் சில மாநிலங்களோடும் 16 லட்சம் டாலருக்கும், பயனர்களின் கூட்டு வழக்கில் 1 கோடியே 12 லட்சம் டாலருக்கும் சமரசம் ஆயிற்று.

கூட்டு வழக்கின் அந்தப் பணம் யாருக்கு என்று கவனியுங்கள். தளம் ஏமாற்றிய பயனர்களுக்கு. அந்தப் பயனர்களால் வீட்டில் ஏமாந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு எனக்குச் சமாதானமாக இல்லை. ஆனால் இன்றைய சட்டம் இங்கேதான் நிற்கிறது.

உங்களுக்கென்று நேரடி உரிமை பிறக்கும் இடம் ஒன்றுண்டு. உங்கள் முகமோ, பெயரோ, பிள்ளைகளின் படமோ அந்தத் தளத்தில் இருந்தால் நீக்கச் சொல்லலாம். சொல்லியும் அசட்டையாக இருந்தால் அது தளத்தின் சொந்தத் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மன உளைச்சலுக்கும் நஷ்டஈடு கேட்க இடம் தருகிறது. தோள்மேல் இருக்கும் கை மட்டும் என்றால், அது உங்கள் கை என்று உங்களுக்குத் தெரியும்; நீதிமன்றத்தை நம்பவைப்பது கடினம். அவருடைய மற்ற படங்களில் நீங்கள் முழுதாக இருக்கிறீர்களா என்பதுதான் முக்கியம்.

உங்கள் பலம் முழுவதும் கணவர் மீதான வழக்கில்தான் இருக்கிறது: விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு, சொத்துப் பங்கு. அங்கே ஆதாரம் பேசும். என்னிடம் வருபவர்களில் பலர் முகத்தை மட்டும் வெட்டியெடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறார்கள். தேதி இல்லை, தள முகவரி இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் 'இது எங்கே எடுத்தது?' என்று ஒரு கேள்வி கேட்டால் அதோடு முடிந்தது. திரை முழுவதும், முகவரியும் நேரமும் தெரிய எடுங்கள். திறந்து கிடந்த பக்கத்தில் கண்ணுக்குத் தெரிந்தது போதும்.

ரகசியமாக எடுத்த ஆதாரம் செல்லுமா என்பதில் நீதிமன்றங்களுக்குள்ளேயே இழுபறி உண்டு. மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்பு விவரங்களைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஏற்கவில்லை. மனைவியின் பேச்சைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்ததை, 2025 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் திருமண வழக்கில் ஏற்கலாம் என்றது. ஆதாரம் செல்லும் என்பதற்காக, அதை எடுத்த விதம் குற்றமில்லை என்று ஆகாது. பாஸ்வேர்டைத் தொடவேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதை முதலில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். கோபத்தில் இன்றிரவே அவரிடம் கேட்டுவிட்டால், விடிவதற்குள் கணக்கு அழிந்திருக்கும். படத்தை நீக்கச் சொல்லித் தளத்துக்கு முதலில் எழுதினாலும் அதே கதிதான். ஸ்கிரீன்ஷாட்டை உங்களுடைய தனி மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். கூட்டுக் கணக்கிலிருந்து அந்தக் கார்டுக்குப் பணம் கட்டியிருந்தால், அந்தக் கணக்கின் விவரத்தை வங்கி முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். அது உங்கள் கணக்கும்தான், யார் அனுமதியும் வேண்டாம். குடும்பப் பணம் எங்கே போயிற்று என்று அந்தக் காகிதமே சொல்லும். அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் குடும்ப நல வக்கீல் ஒருவரைப் பாருங்கள். தளத்திடம் உள்ள பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கும்படி நீதிமன்ற உத்தரவு வாங்க முடியுமா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கணவரிடம் பேசுவது அதற்குப் பிறகு.