பையன் எத்தனை பந்து போடுகிறான்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, வலது கை வேகப்பந்து வீச்சு. காலையில் பள்ளி நெட்ஸ், மாலையில் அகாடமி, ஞாயிறானால் மேட்ச். ஒரு மாதமாகக் கீழ்முதுகில் இடது பக்கம் வலி. "வளர்ற பசங்களுக்கு வரும், தைலம் தடவுங்க" என்கிறார் கோச். கோடை முகாமில் சேர முழு உடல் பரிசோதனை கேட்கிறார்கள். செய்ய வேண்டுமா?
- வாசகி, ஈரோடு

பதில்: பரிசோதனை அப்புறம். முதலில் பந்து போடுவதை நிறுத்துங்கள். வலது கைக்காரனுக்கு இடது பக்கம் வலி, அதுவும் பின்னால் வளையும்போது கூடுகிறது என்றால், முதுகெலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு, எலும்பு மருத்துவரிடம் காட்டி எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். குணமாகச் சில மாதங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011-இல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார், முதுகும் மற்ற காயங்களும் படுத்தியதில் அடுத்த டெஸ்ட் 2017-இல் ராஞ்சியில்தான்.

கோளாறு எங்கே என்றால், பள்ளி கோச் தன் ஓவரை மட்டும் எண்ணுவார், அகாடமி கோச் அவருடையதை (அவரும் எண்ணினால்!), இரண்டையும் கூட்டிப் பார்க்க ஆளே இல்லை. 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு (ஓய்வு விடாமல் தொடர்ந்து வீசுவது) 5 ஓவர், நாளைக்கு 10 ஓவர் என்று இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வரம்பு வைத்தது, நெட்ஸுக்கும் தனி வரம்பு உண்டு. டாக்டர் அனுமதித்த பிறகு ஒரு நோட்டுப் போட்டு நீங்களே எழுதுங்கள், இரண்டு கோச்சிடமும் காட்டுங்கள்.

முகாமுக்கு வருவோம். கொலஸ்ட்ரால், லிவர் என்று நீளும் பேக்கேஜ் இந்த வயதில் பெரும்பாலும் காசுக்குக் கேடு. ஓடும்போது மயங்கியிருக்கிறானா, நெஞ்சு வலித்ததா, குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென இறந்தார்களா என்பதுதான் முக்கியம். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இதய மருத்துவரைப் பார்க்காமல் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். இல்லை என்றாலும் ஒரு ஈ.சி.ஜி. எடுப்பதில் தப்பில்லை, இத்தாலியில் போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு 1982 முதல் அது சட்டப்படியே கட்டாயம். ஆனால் ஈ.சி.ஜி. நார்மல் என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. அதனால் முகாமில் சி.பி.ஆர். (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தித் தரும் முதலுதவி) தெரிந்தவர் இருக்கிறாரா, ஏ.ஈ.டி. (மின்னதிர்வு கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும்) கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். 2021 யூரோ கோப்பையில் மைதானத்திலேயே சுருண்டு விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் பிழைத்தது இவை இரண்டாலும்தான்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, நீண்ட தூர ஓட்டம். நான்கு மாதமாக மாதவிடாய் இல்லை. கூட ஓடுகிறவர்கள் சகஜம் என்கிறார்கள்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சகஜம் இல்லை. மூன்று மாதம் நின்றாலே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேறு காரணம் இல்லையென்றால், ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்று அர்த்தம். ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலமிழக்கும், அடுத்து முழங்காலுக்குக் கீழே உள்ள முன் எலும்பில் விரிசல் விழலாம். எடையைக் குறைக்கச் சொல்வது யார் என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள்.