தாழ்ந்து தொங்கிய லைன்: போன கைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் இருந்து எழுதறேன். என் தம்பிக்கு 34 வயசு, தேங்காய் போடற வேலை. போன மாசம் ஒரு தோப்புல அலுமினியக் கழியில அருவாள் கட்டிக் காய் போட்டப்ப, மேல போற 11 கேவி லைன்ல கழி பட்டுருச்சுங்க. வலது கையை முழங்கைக்குக் கீழ எடுத்துட்டாங்க. லைன் தொங்குதுன்னு தோட்டத்துக்காரர் லைன்மேன்கிட்ட ரெண்டு தடவை சொல்லியிருக்காரு. இப்ப ஈபி ஆபீசுல, "அலுமினியக் கழியோட லைனுக்கடியில போனது உங்க தம்பி தப்பு. கருணைத் தொகை வாங்கித் தர்றோம், கையெழுத்துப் போடுங்க"ங்கறாங்க. போடலாமுங்களா?

பதில்: அந்தத் தாளை முழுசாகப் படிக்காமல் போடாதீர்கள். கருணைத் தொகை வேறு, இழப்பீடு வேறு. முன்னது வாரியம் இரக்கப்பட்டுத் தருவது, பின்னது நீங்கள் உரிமையாகக் கேட்பது. முதலாவதை வாங்கிக்கொண்டே இரண்டாவதைக் கேட்கலாம். ஆனால் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை", "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்கிற மாதிரி ஒரு வரி அதில் இருந்தால் பின்னால் அதைத்தான் நீதிமன்றத்தில் நீட்டுவார்கள். அப்படி வரி இருந்தால் கையெழுத்து வேண்டாம். இல்லாவிட்டாலும், "என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் பெற்றுக்கொள்கிறேன்" என்று கைப்பட எழுதிப் போடுங்கள். ஒரு ஜெராக்ஸ் உங்களிடம் இருக்கட்டும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்த லைன் இன்னும் தொங்குகிறதா, அல்லது தூக்கிக் கட்டிவிட்டார்களா? விபத்து நடந்த சில நாளிலேயே ஆள் வந்து கம்பியை இழுத்துக் கட்டிவிட்டுப் போவது வழக்கம். கட்டத்தான் வேண்டும், அடுத்த ஆள் சாகக் கூடாது. ஆனால் கட்டிய பிறகு உங்கள் கையில் சாட்சி இல்லை. லைன் அப்படியே இருந்தால் இன்றே தள்ளி நின்று போட்டோ, வீடியோ எடுங்கள். இரண்டு கம்பமும், நடுவில் தொய்வும், பக்கத்து மரமோ மோட்டார் ரூமோ ஒரே படத்தில் வந்தால் உயரம் தெரியும். கழியோ டேப்போ நீட்டி அளக்கப் போகாதீர்கள். அது மின் ஆய்வாளரின் வேலை. ஏற்கெனவே கட்டிவிட்டார்கள் என்றால், பழைய தொய்வைப் பார்த்த தோட்டத்துக்காரர், கூட வேலை செய்தவர்கள், அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள்தான் உங்களுக்கு பலம்.

மின் ஆய்வாளர் மின்வாரியத்து ஆள் இல்லை. மாநில அரசின் மின் ஆய்வுத் துறை தனி. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவுப்படி, உயிரிழப்போ காயமோ உண்டான மின் விபத்தை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். வாரியம் தெரிவித்திருக்கும் என்று நம்பி உட்காராமல் நீங்களும் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள். இடத்தைப் பார்த்துக் கம்பியின் உயரத்தைக் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். 2010-ஆம் ஆண்டு மத்திய மின்சார ஆணையப் பாதுகாப்பு விதிகள், தெருவை ஒட்டாத இடங்களில் 11 கேவி வரையிலான உறையில்லாத கம்பிக்குக் குறைந்தது 4.6 மீட்டர் உயரம் வைத்தன. ஏறக்குறைய பதினைந்தடி. 2023-இல் அந்த விதிகளுக்குப் பதில் புது விதிகள் வந்துவிட்டன. உங்கள் லைன் எந்த அளவுக்குக் கீழே இருந்தது என்பதை அறிக்கையில் ஒரு எண்ணாக வாங்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சரி, "உங்க தம்பி தப்பு" என்கிறார்களே, அதற்கு வருகிறேன். மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு நேராகப் பொருந்தும். இரவில் சைக்கிளில் போனவர், மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த கம்பி பட்டு இறந்துபோனார். யாரோ கரண்ட் திருடக் கம்பி இழுத்ததால் வந்த வினை, எங்கள் மேல் குறையில்லை என்றது வாரியம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மின்சாரம் இயல்பிலேயே ஆபத்தானது, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் கவனக்குறைவாக இருந்தாரா இல்லையா என்ற கேள்விக்கே போகாமல் பொறுப்பேற்க வேண்டும் என்றது. அதாவது வாரியத்தின் அலட்சியத்தை நீங்கள் நிரூபித்தாக வேண்டியதில்லை.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வழக்கு அந்த சைக்கிள்காரர் வழக்கு அளவுக்குச் சுத்தமில்லை. அவர் எதையும் தூக்கிப் பிடிக்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் சொந்தச் செயல் என்பது வாரியத்துக்கு இருக்கும் ஒரே கனமான வாதம், அதை விடாமல் பிடிப்பார்கள். தோப்பு முதலில் வந்ததா, லைன் முதலில் வந்ததா என்றும் கேட்பார்கள். லைன் சரியான உயரத்தில் இருந்து, அதற்கடியில் பிறகு தென்னை வைத்திருந்தால் உங்கள் பக்கம் இளைக்கும். தென்னந்தோப்புக்குள் கம்பியைத் தொங்கவிட்டு, சொன்ன பிறகும் கட்டாமல் இருந்தார்கள் என்றால், கழியோடு ஆள் வருவான் என்பது அவர்களுக்குத் தெரியாததா? என் கணிப்பில், மோசமான நிலையில் தொகையில் ஒரு பங்கு குறையும், கேஸ் போய்விடாது.

அதனால்தான் தோட்டத்துக்காரர் சொன்ன அந்த இரண்டு தடவைக்கு இவ்வளவு மதிப்பு. வாயால் சொன்னது என்றாலும் அவர் போனில் கால் விவரம் இருக்கும். வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண்ணில் சொல்லியிருந்தால் புகார் எண் கிடைத்திருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, அந்தப் பிரிவு அலுவலகத்தின் புகார்ப் பதிவேடு, லைன் ஆய்வுக் குறிப்பு, விபத்து அறிக்கை மூன்றின் நகலும் கேளுங்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆரோ (புகார் ஏற்புச் சீட்டு) எஃப்.ஐ.ஆரோ வாங்குங்கள். ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலில் "கரண்ட் அடித்து" என்பதோடு எந்த இடம், எந்த லைன் என்பதும் இருக்கிறதா என்று பாருங்கள். "கீழே விழுந்து காயம்" என்று எழுதி வைத்திருக்கும் ஏ.ஆர். காப்பிகளும் உண்டு.

எவ்வளவு கேட்கலாம்? மோட்டார் விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கையே இதிலும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். மெடிக்கல் போர்டு தரும் ஊனச் சதவீதம் ஒன்று, பிழைப்பு போன சதவீதம் இன்னொன்று. 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் நீதிமன்றமே இதை விளக்கியது: இடது கை போனால் உடல் ஊனம் 60 சதவீதமாக இருக்கலாம், ஆனால் தச்சருக்கோ டிரைவருக்கோ வருமானம் கிட்டத்தட்ட நூறு சதவீதமும் போகும், அரசு குமாஸ்தாவுக்கு அந்த 60-ஐவிடவும் மிகக் குறைவாகத்தான் போகும். தேங்காய் போடுகிறவருக்கு வலது கை என்றால் சொல்லவே வேண்டாம். மாதம் 15,000 சம்பாதித்தார் என்று வைத்தால் வருடத்துக்கு 1,80,000. நாற்பது வயதுக்குள் உள்ள கூலிக்காரருக்கு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 2,52,000. வருட வருமானத்தை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், 34 வயதுக்கு அது 16, ஆக 40,32,000. பிழைப்பு இழப்பு 80 சதவீதம் என்று நீதிமன்றம் எடுத்தால் 32,25,600. சிகிச்சைச் செலவு, செயற்கைக் கை, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு மேல். கூலிக்கு ரசீது இருக்காது, தேங்காய் வியாபாரியின் கணக்கு நோட்டையாவது இப்போதே நகல் எடுத்து வையுங்கள்.

தேங்காய் பறிப்பவர்களுக்கான தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் தம்பி பெயர் இருந்ததா என்று பாருங்கள். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் அதையும் தேடி எடுங்கள்.

எங்கே போடுவது? சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது வாரியத்துக்கு நேரடியாக உத்தரவிடக் கேட்கும் மனு, போடலாம். அது வேகம்தான், ஆனால் யார் தப்பு என்ற சண்டை இருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். உங்கள் கேஸில் அந்தச் சண்டை நிச்சயம் வரும். அதனால் பொள்ளாச்சியில் சிவில் வழக்குதான் என் யோசனை. நோட்டீசை மின்கட்டண ரசீதில் இருக்கும் இப்போதைய நிறுவனப் பெயருக்கே அனுப்புங்கள், பழைய பெயரில் போட்டால் வாய்தா வாங்க ஒரு சாக்கு. காலக்கெடுவில் எந்தப் பிரிவு பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்வார்கள். நீங்கள் விபத்து நாளிலிருந்து ஓராண்டுக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். தம்பி இப்போது மாற்றுத்திறனாளி என்பதால் 1987-ஆம் ஆண்டு சட்டப்படி இலவச வக்கீல் கிடைக்கும், ஊனச் சான்றிதழோடு கோவை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். போனில் கேட்க 15100.