ராம்சே மெக்டொனால்ட்: கேட்டவையும் என் பதில்களும்

கேள்வி: பிரிட்டனில் தொழிற்கட்சியை வளர்த்துப் பிரதமரும் ஆன மெக்டொனால்டே 1931இல் அதை ஏன் உடைத்தார்?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்டில் பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டுவிட்டது, கடன் கொடுப்பவர்கள் செலவைக் குறைக்கச் சொன்னார்கள், வேலையில்லாதோர் எண்ணிக்கையோ 25 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 23ஆம் தேதி ஞாயிறு இரவு நியூயார்க் வங்கிக்காரர்களின் தந்திக்காக அமைச்சர்கள் டவுனிங் தெரு வீட்டுத் தோட்டத்தில் காத்திருந்தார்கள். தந்தி வந்தது, வேலையில்லாதோர் உதவித்தொகையில் 10 சதவீதம் வெட்டலாமா என்பதில் அமைச்சரவை 11க்கு 9 என்று பிளந்தது. இத்தனை பிளவோடு ஆட்சி நடத்த முடியாது. ராஜினாமாவோடு அரண்மனைக்குப் போனவரை மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் மற்றக் கட்சிகளையும் சேர்த்துத் தேசிய அரசு அமைக்கச் சொன்னார், அவரும் ஒப்புக்கொண்டார். பழைய அமைச்சரவையிலிருந்து கூடப் போனவர்கள் ஸ்னோடன், தாமஸ், சாங்கி மூவர்தான்.

கேள்வி: அப்படியென்றால் துரோகிதானே?

பதில்: எதிர்த்த ஒன்பது பேரும் இருந்த அதே அமைச்சரவைதான் 5.6 கோடி பவுண்டு வெட்டுக்கு முன்பே சம்மதித்திருந்தது. ஆகஸ்டுக்காக மட்டும் அவரைத் துரோகி என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 1924இல் அவர் நடத்திய முதல் ஆட்சி வெறும் ஒன்பது மாதம். அதைச் சாதனை என்கிறீர்களா?

பதில்: ஆமாம். அவருடைய அமைச்சர் வீட்லி கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டத்தால் ஐந்து லட்சம் வீடுகள் எழுந்தன. அந்த ஆண்டே தேர்தலில் தோற்றதைச் சொல்வீர்கள். எப்போதும் சொல்வதுதான், இடங்களை மட்டும் எண்ணாதீர்கள், வாக்குகளையும் பாருங்கள். இடம் 191லிருந்து 151 ஆனது, வாக்கோ பத்து லட்சம் கூடியது.

கேள்வி: வக்காலத்து வாங்குகிறீர்கள். அவர் துரோகி இல்லையென்றால் கட்சி ஏன் நீக்கியது?

பதில்: ஆகஸ்டில் எடுத்த முடிவு வேறு, அக்டோபரில் செய்தது வேறு. பவுண்டைத் தங்கத்தோடு கட்டிக் காப்பாற்றத்தான் அந்த அரசு வந்தது, செப்டம்பர் 21இல் அந்தப் பிணைப்பையே விட்டுவிட்டார்கள். கட்சி அவரை நீக்கியதும் அதே மாதம்தான். வந்த வேலை முடிந்துபோன பிறகும் கன்சர்வேடிவ்களோடு சேர்ந்து, தான் வளர்த்த கட்சிக்கு எதிராகத் தேர்தலில் நின்றார் பாருங்கள், அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. தொழிற்கட்சியின் 287 இடம் 52 ஆனது. இங்கேயும் வாக்கைப் பாருங்கள், கிட்டத்தட்ட 30 சதவீதம் தொழிற்கட்சியோடேயே நின்றது.

கேள்வி: மியூனிக் ஒப்பந்தத்தில் அவர் பங்கு என்ன?

பதில்: ஹிட்லரோடு செய்த அந்த ஒப்பந்தம் 1938, அப்போதைய பிரதமர் சேம்பர்லினைப் பற்றிப் படியுங்கள். இவர் 1937இலேயே இறந்துவிட்டார்.

கேள்வி: துரோகியா, தியாகியா, ஒரே வார்த்தையில்?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பதில்: இதை யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டமேசை மாநாட்டில் தாழ்த்தப்பட்டோருக்காக அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடினார்கள். 1932 ஆகஸ்டில் மெக்டொனால்ட் அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு தாழ்த்தப்பட்டோருக்கு இரட்டை வாக்கும் (பொதுத் தொகுதியில் ஒன்று, தங்கள் தனித் தொகுதியில் ஒன்று) மாகாண சபைகளில் 71 தனி இடங்களும் கொடுத்தது. அதை எதிர்த்து காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார், செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் வந்தது. இடங்கள் 148 ஆயின, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. ஆனால் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் தனி வாக்கு போய்விட்டது.